வடிதாளின் இரு பக்கங்கள்: சிவப்பணுவின் பாஸ்பரஸ்



இரத்தச் சிவப்பணுவுக்குள் இருக்கும் பாஸ்பரஸைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று அறிவித்ததும் முன்வரிசையில் சில முதலாண்டு மாணவர்களின் முகம் வாடியதைக் கவனித்தேன். நியாயம்தான். பாடப்புத்தகத்தில் அதற்கு அரைப் பக்கம். தேர்வில் இரண்டு மதிப்பெண். 'ராப்பபோர்ட்–லூபரிங் சுற்றுவழி' என்று எழுதி, வளைந்த அம்புக்குறி ஒன்றைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. அந்த அம்புக்குறியில் இருக்கும் பொருளை 1925இல் கண்டுபிடித்துவிட்டார்கள். அது எதற்காக அங்கே இருக்கிறது என்று தெரிய 1967 ஆயிற்று. இடைப்பட்ட 42 ஆண்டுகள் திறமையான பலர் அதே பொருளைக் கையில் வைத்துக்கொண்டு அளந்துகொண்டேதான் இருந்தார்கள். பிறகு ஏன் தெரியவில்லை? இன்றைய பேச்சின் முதல் பாதி அந்தக் கேள்வி பற்றியது.

கொஞ்சம் அடிப்படை. நம் சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. ஆக்சிஜனைச் சுமக்கும் அணு, தன் பிழைப்புக்கு ஆக்சிஜனைத் தொடுவதில்லை. குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக உடைத்து, ஒரு குளுக்கோஸுக்கு நிகரமாக இரண்டு ஏ.டி.பி. மூலக்கூறுகளைச் சம்பாதிக்கிறது. அந்தச் சொற்ப வருமானத்தில்தான் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது, சவ்வின் வடிவத்தைக் காப்பாற்றுகிறது, சுமார் 120 நாள் உயிர் வாழ்கிறது. ஏ.டி.பி. குறைந்தால் வட்டத்தட்டு வடிவம் கெட்டு, மேற்பரப்பில் முட்கள் கிளம்பிவிடும். அடினினும் இனோசினும் கொடுத்து ஏ.டி.பி.யை மீட்டால் வடிவமும் மீளும் என்று ஜப்பானில் நகாவோ குழுவினர் 1960 வாக்கில் காட்டினார்கள்.

இத்தனை சிக்கனமாக வாழும் அணுவில் பாஸ்பரஸ் கணக்கைப் பார்த்தால்தான் வியப்பு. ஏ.டி.பி. லிட்டருக்கு ஒன்றரை மில்லிமோல் அளவில் இருக்கிறது. அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல், ஏறத்தாழ 5 மில்லிமோல், 2,3-டைபாஸ்போகிளிசரேட் இருக்கிறது. புதிய புத்தகங்கள் 'பிஸ்பாஸ்போ' என்று எழுதும். நான் பழைய பழக்கப்படி டி.பி.ஜி. என்றே சொல்கிறேன். உடம்பின் மற்ற திசுக்களில் இது இருப்பதே தெரியாது, அத்தனை கொஞ்சம். சிவப்பணுவில் மட்டும் குவிந்து கிடக்கிறது. இன்னொன்றையும் பாருங்கள்: சிவப்பணுவில் ஹீமோகுளோபினின் செறிவும் சுமார் 5 மில்லிமோல்தான். ஒன்றுக்கு ஒன்று. இப்போது சொன்னால் எல்லாருக்கும் பொறி தட்டும். அன்று தட்டவில்லை.

நியூயார்க்கில் இசிடோர் கிரீன்வால்ட் 1925இல் பன்றி இரத்தத்திலிருந்து இந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரின் குழந்தைகள் மருத்துவமனை இதற்குத் தலைநகரம்போல் ஆயிற்று. ஜார்ஜ் கெஸ்ட் என்ற குழந்தை மருத்துவரும், வியன்னாவிலிருந்து 1937இல் வந்து சேர்ந்த சாமுவேல் மித்யா ராப்பபோர்ட் என்ற இளம் உயிர்வேதியியலாளரும் அங்கே நோயுற்ற குழந்தைகளின் இரத்தத்தில் பாஸ்பரஸ் எந்தெந்த வடிவில் இருக்கிறது என்று அளந்தார்கள். நீரிழிவால் இரத்தம் அமிலமானால் டி.பி.ஜி. குறைகிறது, வாந்தியால் காரமானால் ஏறுகிறது என்பதெல்லாம் 1930களிலேயே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. 1941இல் முதுகெலும்பிகளை வரிசையாக எடுத்துப் பரிசோதித்து, பெரும்பாலான பாலூட்டிகளில் இது மிகுதி, பூனையிலும் அசைபோடும் விலங்குகளிலும் மிகக் குறைவு, பறவைகளில் வேறொரு பாஸ்பேட் இருக்கிறது என்று அட்டவணை போட்டார்கள். அந்த அட்டவணையை இன்று எடுத்துப் பார்த்தாலும் பிழை சொல்ல அதிகம் இருக்காது.

அவர்கள் எப்படி அளந்தார்கள் என்பதுதான் முக்கியம். இரத்தத்தில் டிரைகுளோரோஅசெட்டிக் அமிலத்தை ஊற்றுவார்கள். புரதம் முழுவதும் திரிந்து கட்டியாகிவிடும். வடிதாளில் வடிகட்டி, தெளிந்து இறங்கும் நீரில் பாஸ்பரஸை அளப்பார்கள். 'அமிலத்தில் கரையும் பாஸ்பரஸ்' என்று அந்தக் காலக் கட்டுரைகளின் தலைப்பில் பார்ப்பீர்கள், அது இதுதான். வடிதாளின் மேலே தங்கிய பழுப்புக் கட்டி ஹீமோகுளோபின். அது குப்பைக்குப் போயிற்று.

இதே காலத்தில் இன்னொரு கூட்டம் ஹீமோகுளோபினை ஆராய்ந்தது. கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் போர் 1904இல் தொடங்கி வைத்தது. கேம்பிரிட்ஜில் ஜோசப் பார்கிராஃப்ட் வளர்த்தது. பிறகு மாக்ஸ் பெரூட்ஸ் அதன் படிகங்களோடு ஆயுளைக் கழித்தார். இவர்களுக்கு வேண்டியது தூய புரதம். அணுக்களை உடைத்து, ஹீமோகுளோபினைச் சவ்வுப் பைக்குள் வைத்து நீரில் ஊறவிட்டு, சிறு மூலக்கூறுகளையெல்லாம் வெளியேற்றிவிடுவார்கள். வெளியேறிய நீர் சாக்கடைக்குப் போயிற்று. அதில்தான் டி.பி.ஜி. இருந்தது.

ஆக, பாஸ்பரஸ்காரர்கள் புரதத்தை எறிந்தார்கள். புரதக்காரர்கள் பாஸ்பரஸை எறிந்தார்கள். இரு தரப்பும் மிகச் சுத்தமாக வேலை செய்தவர்கள். அந்தச் சுத்தம்தான் 42 ஆண்டுகளைத் தின்றது என்பது என் கருத்து. அசட்டையாக வேலை செய்த யாராவது ஒருவர் ஹீமோகுளோபினைச் சரியாகக் கழுவாமல் விட்டிருந்தால் விடை முன்பே கிடைத்திருக்கலாம். இதைக் கேட்டுவிட்டு ஆய்வகத்தில் சோம்பேறித்தனத்துக்கு என்னைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.

ராப்பபோர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனமில்லை. போர்க்காலத்தில் இரத்தத்தைச் சேமித்து வைக்கும் முறைகளில் உழைத்ததற்காக அமெரிக்க அரசின் பாராட்டுச் சான்றிதழ் பெற்றவர் அவர். கம்யூனிஸ்டும்கூட. ஜேனட் லூபரிங்குடன் சேர்ந்து, டி.பி.ஜி.யை உண்டாக்கும் நொதியை 1950இல் வெளியிட்டார். அதே ஆண்டு சூரிக் நகரில் குழந்தை மருத்துவ மாநாட்டில் இருந்தபோது, அமெரிக்கா திரும்பினால் விசாரணைக் குழு காத்திருக்கிறது என்று தெரிந்து, திரும்பவில்லை. வியன்னாவிலும் வேலை கிடைக்கவில்லை. 1952இல் கிழக்கு பெர்லினில் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அவருடைய மனைவி இங்கெபோர்க் குழந்தை மருத்துவர். தாய் யூதர் என்பதால் 1938இல் ஹாம்பர்க்கில் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு அனுமதி மறுக்கப்பட்டவர். 2015இல், தம் 102ஆம் வயதில், ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தின் அந்தத் தேர்வை எதிர்கொண்டு பட்டம் வாங்கினார். ஆய்வுப் பொருள் தொண்டை அடைப்பான் நோய். நம் தலைப்புக்குத் தொடர்பில்லைதான். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்தச் சுற்றுவழி என்னவென்று பார்ப்போம். குளுக்கோஸ் உடையும் பாதையின் நடுவே 1,3-டைபாஸ்போகிளிசரேட் என்றொரு பொருள் வருகிறது. மற்ற அணுக்களில் அது நேராக அடுத்த படிக்குப் போகும். போகும்போது ஒரு ஏ.டி.பி. கிடைக்கும். சிவப்பணுவில் ஒரு பகுதி, சுமாராக ஐந்தில் ஒரு பங்கு, பக்கவாட்டில் திரும்பி 2,3-டி.பி.ஜி. ஆகிறது, பிறகு ஒரு பாஸ்பேட்டை இழந்து அதே பாதையில் மீண்டும் சேர்கிறது. இப்படிச் சுற்றி வருவதில் அந்த ஏ.டி.பி. கிடைக்காமல் போகிறது. ஒரு குளுக்கோஸின் இரு பாதியும் இப்படிப் போனால் நிகர வருமானம் பூஜ்யம். அன்றாடங்காய்ச்சியான அணு தன் ஒரே வருமானத்தை ஏன் இப்படி விட்டுக்கொடுக்கிறது? 'இது சேமிப்பு, அவசரத்துக்கு எரிபொருள்' என்று 1950களில் பதில் சொன்னார்கள். ஏ.டி.பி.யை விட்டுக்கொடுத்துச் சேர்க்கும் சேமிப்பு என்ன சேமிப்பு என்று யாரும் அழுத்திக் கேட்கவில்லை.

துப்பு ஒன்று 1954இல் இரத்த வங்கியிலிருந்து வந்தது. வால்டிஸ், கென்னடி என்ற இருவர், அமில–சிட்ரேட்–டெக்ஸ்ட்ரோஸ் கரைசலில் சில நாள் வைத்திருந்த இரத்தம் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்கிறது, திசுவுக்கு விட மறுக்கிறது என்று 'லான்செட்' இதழில் எழுதினார்கள். அந்த இரத்தத்தில் முதல் வாரத்திலேயே டி.பி.ஜி. கரைந்துபோகிறது என்பதும் வேறு கட்டுரைகளில் பதிவாகி வந்தது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்க ஆள் இல்லை.

1967இல் இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் திரை விலகியது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரெய்ன்ஹோல்ட் பெனெஷ், ரூத் பெனெஷ் தம்பதி. வர்ஜீனியாவில் சானுட்டினும் கர்னிஷும். கழுவிய ஹீமோகுளோபினோடு டி.பி.ஜி.யைத் திரும்பச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆக்சிஜன் மீதிருந்த பிடி தளர்ந்தது. பரிசோதனை அவ்வளவுதான். தூக்கி எறிந்ததைத் திரும்பப் போட்டார்கள்.

அளவாகச் சொன்னால் இப்படி: ஹீமோகுளோபினில் பாதி நிறைய எவ்வளவு ஆக்சிஜன் அழுத்தம் வேண்டும் என்பது நம் அளவுகோல். உயிருள்ள இரத்தத்தில் அது சுமார் 27 மில்லிமீட்டர் பாதரசம். டி.பி.ஜி. இல்லாமல் கழுவிய ஹீமோகுளோபினில் ஏறத்தாழ அதில் பாதி. சிரை இரத்தத்தின் அழுத்தம் 40 என்று கொள்வோம். நம் இரத்தம் நுரையீரலில் நூற்றுக்கு 97 நிறைந்து, 75ஆக இறங்கித் திரும்பும். 22 பங்கைத் திசுவிடம் கொடுத்துவிட்டு வருகிறது. அந்த அளவுகோல் 18க்கு இறங்கிவிட்டால் அதே 40இல் 90 பங்கு ஹீமோகுளோபினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கொடுக்க மனமில்லாத கையில் எவ்வளவு நிறைந்திருந்து என்ன பயன்?

எப்படித் தளர்த்துகிறது என்பதையும் 1972க்குள் படிகங்களில் பார்த்துவிட்டார்கள். ஹீமோகுளோபினின் நான்கு சங்கிலிகளுக்கு நடுவே ஒரு குழி. ஆக்சிஜன் நீங்கிய நிலையில் இரண்டு பீட்டா சங்கிலிகளும் விலகி, அந்தக் குழி அகலமாகிறது. அதன் விளிம்பில் ஹிஸ்டிடின், லைசின் முதலிய நேர்மின் கொண்ட அமினோ அமிலங்கள் நிற்கின்றன. டி.பி.ஜி. உடம்பெல்லாம் எதிர்மின் கொண்டது. கச்சிதமாக உள்ளே பொருந்தி இரு சங்கிலிகளையும் அந்த நிலையிலேயே பூட்டிவிடுகிறது. ஆக்சிஜன் ஏறும்போது குழி குறுகி, டி.பி.ஜி. வெளியே தள்ளப்படுகிறது. ஒரு ஹீமோகுளோபினுக்கு ஒரு டி.பி.ஜி. நாம் முன்பு பார்த்த 5க்கு 5 இதனால்தான்.

கருவிலுள்ள குழந்தையின் ஹீமோகுளோபினில் பீட்டாவுக்குப் பதில் காமா சங்கிலி. 143ஆம் இடத்தில் ஹிஸ்டிடின் இருக்க வேண்டிய இடத்தில் செரின். நேர்மின் குறைந்ததால் டி.பி.ஜி. சரியாக ஒட்டாது, ஆகவே பிடி இறுக்கம். தாயின் இரத்தம் விடுவதைக் கருவின் இரத்தம் வாங்கிக்கொள்வதற்கு இந்த ஓர் அமினோ அமிலமும் காரணம்.

இனி மலைக்குப் போவோம். இந்தத் துறையில் மிகைப்படுத்தல் அதிகம் நடந்த இடம் அது. 1968இல் லென்ஃபான் குழுவினர் பெருவில், கடல்மட்டத்திலிருந்து ஆண்டீஸ் மலைக்கு ஏறியவர்களின் இரத்தத்தை எடுத்து, ஓரிரு நாளிலேயே டி.பி.ஜி. உயர்வதைக் காட்டினார்கள். மூச்சு வேகமாகி இரத்தம் காரமாவது ஒரு காரணம். ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் டி.பி.ஜி.யைக் கவ்விக்கொள்வதால் நொதியின் மேலிருந்த தடை விலகுவது இன்னொன்று. ஆகா, இயற்கையின் ஏற்பாடு என்று எல்லாப் புத்தகங்களும் எழுதின. இன்னும் எழுதுகின்றன.

ஆனால் உயரத்தில் பிறந்து வளரும் லாமாவைப் பாருங்கள். அதன் ஹீமோகுளோபின் டி.பி.ஜி.யை அவ்வளவாகச் சேர்ப்பதில்லை. ஆக்சிஜனை இறுக்கமாகப் பிடிக்கிறது. ஹெபெல் என்ற மருத்துவரும் சகாக்களும் 1978இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. இறுக்கமான ஹீமோகுளோபினைப் பிறவியிலேயே கொண்ட சிலரையும், சாதாரண ஹீமோகுளோபின் கொண்ட அவர்களின் உடன்பிறந்தாரையும் கொலராடோவில் 3,100 மீட்டர் உயரத்துக்கு அழைத்துப் போனார்கள். இறுக்கமானவர்கள் சிரமமின்றி இருந்தார்கள். உடற்பயிற்சித் திறனும் குன்றவில்லை. 'மனித லாமாக்கள்' என்று கட்டுரைத் தலைப்பிலேயே பெயர் வைத்தார்கள். காரணம் எளிது. காற்றே மெலிந்துவிட்டால் நுரையீரலில் ஏற்றுவதுதான் முதல் கஷ்டம். பிடி தளர்ந்த ஹீமோகுளோபின் அங்கே சரியாக நிறையாது. ஆகவே மிதமான உயரத்தில் டி.பி.ஜி. உதவலாம், மிக உயரத்தில் அதுவே இடைஞ்சல். சமவெளியில் இரத்தசோகைக்காரருக்கு மெய்யாகவே உதவும் ஒரு பதில்வினையை உடம்பு மலையிலும் அப்படியே செய்கிறது என்று கொள்வதுதான் பொருத்தம்.

இரத்தசோகையில் இது எவ்வளவு உதவுகிறது என்பதற்குச் சான்று பிறவி நொதிக் குறைபாடுகள். பைருவேட் கைனேஸ் குறைபாட்டில் பாதையின் கடைசியில் அடைப்பு, பின்னால் டி.பி.ஜி. தேங்குகிறது. ஹெக்சோகைனேஸ் குறைபாட்டில் நுழைவாயிலிலேயே அடைப்பு, டி.பி.ஜி. வற்றுகிறது. இந்த இரு நோயாளிகளுக்கும் ஹீமோகுளோபின் ஒரே அளவு குறைந்திருந்தாலும், முதலாமவர் மாடிப்படி ஏறிவிடுவார். இரண்டாமவருக்கு மூச்சு வாங்கும். 1969இல் 'சயின்ஸ்' இதழில் டெலிவோரியா-பபடோபூலோஸ், ஆஸ்கி, காட்லிப் ஆகியோர் இந்த இரு நோய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். ஹீமோகுளோபின் எண்ணை மட்டும் பார்த்து இரத்தம் ஏற்ற முடிவெடுக்காதீர்கள் என்று மாணவர்களுக்கு நான் சொல்வது இதனால்தான்.

இரத்த வங்கி விஷயம் இதைவிடச் சிக்கலானது. டி.பி.ஜி.யின் வேலை தெரிந்ததும் சேமிப்புக் கரைசல்களை மாற்றும் வேகம் கூடியது. பாஸ்பேட் சேர்த்த சி.பி.டி. கரைசல், அடினின் சேர்த்து 35 நாள் தாங்கும் சி.பி.டி.ஏ.-1, உப்சாலாவில் ஹோக்மன் உருவாக்கிய கரைசலின் வழிவந்து 42 நாள் தாங்கும் எஸ்.ஏ.ஜி.எம். என்று வரிசையாக வந்தன. பையின் மேல் அச்சடித்த இந்த எழுத்துகளை நம் இரத்த வங்கிகளில் தினமும் பார்க்கிறீர்கள். இவையெல்லாம் ஏ.டி.பி.யை நன்றாகக் காப்பாற்றுகின்றன. டி.பி.ஜி.யை? இரண்டு வாரத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. ஏற்றிய பிறகு நோயாளியின் உடம்பில் ஒரு நாளில் சுமார் பாதி மீள்கிறது. முழுதும் மீள இரண்டு மூன்று நாள் ஆகலாம்.

அப்படியானால் பழைய இரத்தம் தீங்குதானே? வேதியியல் அப்படித்தான் சொல்கிறது. பல மருத்துவமனைகளில் புது இரத்தம்தான் வேண்டும் என்று உறவினர்கள் அடம்பிடிப்பதும் உண்டு. 2010களில் இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். குறைமாதக் குழந்தைகளிடம் ஒரு சோதனை, இதய அறுவை நோயாளிகளிடம் ஒன்று, தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் ஒன்று. 2016இல் வெளியான 'இன்ஃபார்ம்' சோதனையில் 20,000க்கும் மேற்பட்டோர். புது இரத்தம் பெற்றவர்களுக்கும் வழக்கமான இரத்தம் பெற்றவர்களுக்கும் இறப்பு விகிதத்தில் வேறுபாடு தெரியவில்லை. அழகான வேதியியல் எல்லாம் நோயாளியின் படுக்கையருகே அப்படியே பலிப்பதில்லை. இதயம் கூடுதலாக இரைத்துக்கொள்கிறது, நோயாளியின் சொந்த அணுக்களும் உழைக்கின்றன, ஏற்றிய அணுக்களும் மீள்கின்றன. உடம்பின் இரத்தம் முழுவதையும் ஒரே இரவில் மாற்றும் அளவுக்கு ஏற்ற நேர்ந்தால் நான் புதிய பைகளைத் தேடுவேன். மற்றபடி இரத்த வங்கிக்காரரோடு சண்டை போட மாட்டேன்.

நாம் உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. சுற்றுவழியாகட்டும் நேர்வழியாகட்டும், தொடங்குவதற்கு இரத்தத்தில் கரைந்த பாஸ்பேட் வேண்டும். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு, குடிப்பழக்கத்தால் உருக்குலைந்தவருக்கு, ஒரேயடியாக மாவுச்சத்தோ குளுக்கோஸ் டிரிப்போ கொடுத்தால் இன்சுலின் கிளம்பி, இருந்த கொஞ்ச பாஸ்பேட்டையும் திசுக்களுக்குள் இழுத்துக்கொள்கிறது. 1971இல், சிரை வழியே முழு உணவு பெற்ற நோயாளிகளிடம் இப்படி நடந்து, சிவப்பணுவில் ஏ.டி.பி.யும் டி.பி.ஜி.யும் சரிவதை அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அந்த உணவுக் கரைசலில் பாஸ்பேட் சேர்க்கப்படவில்லை. நீரிழிவு அமிலமிகையிலும் இதே அபாயம். அமிலத்தன்மை ஹீமோகுளோபினின் பிடியைத் தளர்த்துகிறது. அதே நேரம் டி.பி.ஜி. குறைந்து பிடியை இறுக்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டும். அவசரப்பட்டு பைகார்பனேட் ஊற்றி அமிலத்தை மட்டும் சரிசெய்தால், டி.பி.ஜி. மீள நாளாகும்; இடைப்பட்ட நேரத்தில் திசு மூச்சுத்திணறும். கெஸ்ட்டும் ராப்பபோர்ட்டும் 1930களில் அளந்த எண்களுக்கு இதுதான் பொருள். ஆனாலும் சோடியம், பொட்டாசியம் கேட்டு எழுதும் கை, பல வார்டுகளில் பாஸ்பேட் கேட்டு எழுதுவதில்லை.

கடைசியாக நம் மலைகளுக்கு வருகிறேன். ஹைடல்பெர்க்கில் மேயர்ஹோஃபின் ஆய்வகத்தில் பாஸ்பேட் வேதியியல் பயின்று, ஹிட்லர் காலத்தில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்த ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ்ஷுடன் சேர்ந்து நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் அணுப் பண்பு இருப்பதை 1952இல் வெளியிட்டார். அரிவாள் அணு நோயில் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விட்டதும் ஒன்றோடொன்று கோத்துக் கம்பிபோல் நீள்கிறது. அணு வளைகிறது, நாளத்தை அடைக்கிறது, வலி வருகிறது. இவர்களுக்கு இரத்தசோகை இருப்பதால் உடம்பு டி.பி.ஜி.யைக் கூட்டுகிறது. ஆக்சிஜன் எளிதில் விடுபடுகிறது. விடுபட்டதும் கம்பி கோக்கிறது. மற்ற சோகைகளில் உதவிய அதே ஏற்பாடு இங்கே நோயைத் தூண்டுகிறது.

டி.பி.ஜி.யைக் குறைத்தால் என்ன என்ற எண்ணத்தில்தான் புதிய மருந்துகள் வருகின்றன. பைருவேட் கைனேஸை முடுக்கிவிடும் மிட்டாபிவாட், அந்த நொதிக் குறைபாட்டுக்கு 2022இல் அமெரிக்க அனுமதி பெற்றது. பாதையின் கடைசி வாசலை அகலத் திறந்தால் நடுவில் தேங்கும் டி.பி.ஜி. வடிகிறது, ஏ.டி.பி. கூடுகிறது, அரிவாள் அணுவுக்கு இரண்டும் நல்லது என்பது கணக்கு. ஆனால் இதே வட்டாரத்தில் முன்பு ஒரு அனுபவம் உண்டு. வாக்ஸலோட்டர் என்ற மருந்து ஹீமோகுளோபினை ஆக்சிஜனோடு இறுக்கிப் பிடிக்கவைத்தது. ஆய்வகத் தாளில் ஹீமோகுளோபின் எண் ஏறியது. அந்த எண்ணைக் கொண்டே 2019இல் அனுமதியும் பெற்றது. 2024இல் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. வலிநெருக்கடிகளையும் இறப்பையும் காட்டிய தரவு மருந்துக்குச் சாதகமாக இல்லை. ஏறிய ஹீமோகுளோபின், சுமந்ததை இறக்கியதா என்ற கேள்விக்கு அந்த எண்ணில் பதில் இருக்கவில்லை.

ஆகவே மிட்டாபிவாட் வகை மருந்துகள் கூடலூருக்கோ கோத்தகிரிக்கோ ஒரு நாள் வந்து சேருமானால், அங்கே மருத்துவராக இருக்கப்போகும் உங்களில் ஒருவர் இரண்டு தாள்களையும் கேட்டு வாங்க வேண்டும்: நோயாளியின் டி.பி.ஜி. எவ்வளவு குறைந்தது என்று சொல்லும் தாள் ஒன்று. ஓர் ஆண்டில் வலியோடு எத்தனை முறை மருத்துவமனைக்கு வந்தார் என்று சொல்லும் தாள் இன்னொன்று. முதலாவது மட்டும் கையில் இருந்தால் மருந்தை எழுதாதீர்கள்.